கேமராவுக்கு வைத்த பொட்டு

கேமராவைக் காட்டாங்குளத்தூரில் ஒரு மாணவனிடமிருந்து வாங்கினேன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு அறையைக் காலி செய்துகொண்டிருந்தான். மேஜை, டேபிள் ஃபேன், கிடார், கேமரா எல்லாம் விலைக்கு இருந்தன. முதல் வருஷம் ஆசை ஆசையாக எடுத்துத் தள்ளியதாகவும் அப்புறம் அது பீரோவிலேயே தூங்கியதாகவும் சொன்னான். "அக்கா, உண்மையைச் சொல்லிடறேன். இப்பல்லாம் போனே இதைவிட நல்லா எடுக்குது" என்றான். விற்கத் தெரியாத பையன். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று, பேரம்கூடப் பேசவில்லை.

கத்துக்குட்டிகளுக்கென்றே கம்பெனிக்காரர்கள் செய்யும் ரகம் அது. எஸ்.எல்.ஆர். குடும்பத்தில் கடைக்குட்டி. பிளாஸ்டிக் உடம்பு, கூடவே வரும் ஒரே லென்ஸ், தலையில் ஒரு சக்கரம். சக்கரத்தை ஆட்டோவில் வைத்துவிட்டால் மற்றதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். திரும்பி வரும் ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திருப்பி முதல் படத்தை எடுத்தேன். உள்ளே சின்னதாக ஒரு கதவு சாத்திக்கொண்ட மாதிரி 'டப்' என்று சத்தம். எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துப் பார்த்தார். போனில் வருவது போலிச் சத்தம். இது நிஜமாகவே ஏதோ எழுந்து விழுகிற சத்தம். அதைக் கேட்பதற்காகவே தாம்பரம் வரும்வரை எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் மின்கம்பம்.

ஏன் வாங்கினாய் என்று கேட்காதவர் இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீஸில், இந்த வயதில் ஹாபியா என்று சிரித்தார்கள். கோவையில் ஹாஸ்டலில் இருக்கும் மகன், நல்ல போனாக வாங்கியிருக்கலாமே அம்மா என்றான். செம்பாக்கம் ஏரியில் பறவை எடுக்கப்போகிறேன் என்று எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன். அது பொய் இல்லை, ஆனால் பாதிதான்.

மீதிப் பாதி என் முகத்தில் இருக்கிறது. வருஷக்கணக்கில் ஸ்டிக்கர் பொட்டு வைத்து, அந்தப் பசை ஒத்துக்கொள்ளாமல், நெற்றி நடுவில் பொட்டளவுக்கே தோல் வெளுத்தது. முதலில் பவுடர் என்று நினைத்துத் துடைத்தேன். டாக்டர் ஸ்டிக்கரை நிறுத்தச் சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். தொற்றாது, வலிக்காது, உயிருக்கு ஒன்றும் இல்லை என்று தைரியமும் சொன்னார். எல்லாம் சரிதான். ஆனால் வெள்ளை பொட்டோடு நிற்கவில்லை, மெதுவாகப் புருவத்தை நோக்கி இறங்கியது. மார்க்கெட்டில் பூக்காரம்மா முதல் பஸ் கண்டக்டர்வரை எல்லாரும் முதலில் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் என்னைப் பார்த்தார்கள். நான் முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்ளப் பழகினேன். யாராவது பேச வந்தால் பக்கவாட்டில் நிற்கப் பழகினேன்.

ஊர் பார்த்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் கணவர் பார்க்காததுதான் என்னைத் தின்றது. அவர் குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கூட்டாளி. அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கல்யாணமான புதிதில், நான் சமைக்கும்போது சமையலறை நிலையில் சாய்ந்து நின்று சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். என்ன என்றால் ஒன்றுமில்லை என்பார். வெள்ளை வந்த பிறகு அது நின்றுபோனது. தட்டைப் பார்த்துப் பேசுவார், டிவியைப் பார்த்துப் பேசுவார், என் தோளுக்கு மேலே தொங்கும் காலண்டரைப் பார்த்துப் பேசுவார். ஒரு கடுஞ்சொல் கிடையாது. களிம்பு தீர்ந்தால் கேட்காமலே வாங்கி வருவார். ஆனால் முகத்தைப் பார்க்க மாட்டார். அருவருப்பாக இருக்கிறதா என்று நேராகவே கேட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அந்த வீட்டில் எப்படி இருப்பது என்று பயந்தேன். அந்தப் பயத்தோடுதான் சோறு வடித்தேன், துணி மடித்தேன், தூங்கினேன்.

போட்டோதான் இதில் பெரிய தொல்லை. நம் ஊரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் மேடையேறி நிற்காமல் சாப்பிட விடுவார்களா? வாங்க வாங்க என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். அப்படி ஒரு கல்யாணத்தில் ஒதுங்கி நின்றபோதுதான் ஒன்று கவனித்தேன். கேமரா வைத்திருக்கிற ஆளை மட்டும் யாரும் படத்தில் நிற்கச் சொல்வதில்லை. கல்யாண ஆல்பம் முழுக்கத் தேடினாலும் அந்த ஆள் இருக்க மாட்டார். எவ்வளவு சௌகரியம் என்று தோன்றியது. அந்த மாசமே காட்டாங்குளத்தூருக்கு ரயிலேறினேன்.

ஒளிவதற்கு வாங்கியதுதான். ஆனால் வாங்கிய பிறகு அதன்மேல் எனக்கு ஒரு மயக்கம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே ஏரிக்கரைக்குப் போய்விடுவேன். வியூஃபைண்டர் என்கிற அந்தச் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தால் சுற்றிலும் இருட்டு, நடுவில் மட்டும் ஏரி. ஆகாயத்தாமரை, அதற்குள் ஒரு கொக்கு, கொக்குக்குப் பின்னால் அடுக்குமாடிகளின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் 'பிப்' என்று சொல்லி, கலங்கலாக இருந்தது தெளியும். அந்தத் தெளிகிற நொடி எனக்குத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கும் நொடியைப் போலவே இருக்கும். அதற்காகவே விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பப் பாதி அழுத்துவேன். மேலே விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு மீனம்பாக்கம் பக்கம் போகும். முக்குளிப்பான் ஒன்று தண்ணீருக்குள் போய், நான் மறந்தே போன பிறகு வேறெங்கோ எழும். எனக்கு நெற்றி இருப்பதே அப்போது ஞாபகத்தில் இருக்காது.

பறவைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், அந்த லென்ஸில் பறவை கடுகளவுதான் வரும். கூட வருகிற லென்ஸுக்கு அவ்வளவுதான் கை நீளம். பெரிய லென்ஸ் வாங்க ஆசை இருந்தது, அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் பேட்டரி சொன்னபடி கேட்டது. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் நான் களைத்தாலும் அது களைக்காது. பின்னால் இருக்கும் திரையில் வெயிலில் ஒன்றும் தெரியாது என்பது ஒரு குறை. முந்தானையைப் போர்த்திக்கொண்டு பார்ப்பேன். என் கணவரும் சில ஞாயிறுகளில் கூட வருவார். டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பார். நான் படம் எடுத்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும், எதுவும் சொல்ல மாட்டார். கேமராவை இறக்கினால் அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆயுத பூஜை வந்தது. பட்டறைக்காரர் வீட்டில் ஆயுத பூஜை என்றால் தீபாவளிக்கு ஒரு படி மேல். பட்டறையில் லேத், டிரில்லிங் மிஷின் என்று ஒன்று விடாமல் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு, பொரி மூட்டையோடு வீட்டுக்கு வந்தார். வந்த கையோடு இங்கேயும் ஆரம்பித்தார். ஸ்கூட்டர், மிக்ஸி, மகனின் பழைய லேப்டாப், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். கேமராவையும் எடுத்து சாமி முன்னால் வைத்ததைப் பார்த்தேன், சந்தோஷப்பட்டேன். என் பொருளும் அவர் வரிசையில் சேர்ந்துவிட்டதே என்று.

மறுநாள் காலையில் எழுந்து வந்தால், அவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து எதையோ மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேமரா. லென்ஸின் மூடியைக் கழற்றி, கண்ணாடிக்கு நட்ட நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். மூடியோடு வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிட்ட மாதிரி ஆகிவிடுமாம். முன்பக்கம்தான் அதற்கு முகம், முகத்துக்குத்தானே பொட்டு என்று கணக்கு. காலையில் காய்ந்துபோன சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்திருக்கிறார், மஞ்சளாக ஒரு வட்டம் போகாமல் நின்றிருக்கிறது. வெள்ளிக் குத்துவிளக்கு எதில் பளபளக்கும்? விபூதியில். ஒரு சிட்டிகை விபூதியை எடுத்து, பழைய வேட்டித் துணியில் வைத்து, லேத் வேலை பார்த்த கையால் அழுத்தித் தேய்த்திருக்கிறார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. மஞ்சள் போய்விட்டது. அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மங்கல், பொட்டளவுக்கு.

நான் கத்திய கத்தலில் கீழ் வீட்டு அக்கா படியேறி வந்துவிட்டார். என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. உங்களுக்கு எதையும் முகம் கொடுத்துப் பார்க்கத் தெரியாதா என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அன்றைக்கே மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேல்பூச்சு போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, வேறு லென்ஸ்தான் என்றாராம். முன்னால் ஒரு சாதாரணக் கண்ணாடியைத் திருகி வைத்திருந்தால் இந்த வினை வந்திருக்காது என்றும் சொன்னாராம். வேறு வாங்கித் தருகிறேன் என்று இவர் காலண்டரைப் பார்த்துச் சொன்னார். ஒன்றும் வேண்டாம் என்றேன். எனக்கு எது வந்ததோ அதுவே அதற்கும் வந்திருக்கிறது, பொட்டு வைத்த இடத்திலேயே வந்திருக்கிறது. ஆத்திரம் அடங்கிய பிறகு இதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

கேமராவை மூட்டைகட்டிப் பரணில் போட்டிருப்பேன். கை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஏரிக்குப் போனேன். அதிலிருந்துதான் வேறொரு காலம் தொடங்கியது.

படங்கள் மாறிவிட்டன. கோடுகளெல்லாம் கரைந்தன. வெளிச்சம் எங்கிருந்தாலும் தன் இடத்தைவிட்டு வழிந்து பக்கத்து இடத்துக்குள் போனது. கொக்கு ஒரு வெள்ளைப் புகையாக நின்றது. தண்ணீர்த் தொட்டிகள்கூட அழகாகிவிட்டன என்றால் நம்புவீர்களா? சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் மேலிருந்து எடுத்தால், வந்து நிற்கும் மின்சார ரயிலின் விளக்கு ஒரு பெரிய ஆரஞ்சுப் பூவாக விரிந்தது. அதற்குள் இறங்கி ஏறுகிறவர்கள் கால் தரையில் பாவாமல் நடந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த வேளச்சேரி ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் தண்ணீருக்கு அடியில் போவதுபோலப் போயின. மார்கழிப் பனி வந்ததும் கேட்கவே வேண்டாம், பனி எது லென்ஸ் எது என்று எனக்கே தெரியவில்லை. இப்படி ஒரு ஊரில்தான் நான் குடியிருக்கிறேனா என்று தோன்றும். சாம்பார் கொதிக்கும்போது அடுப்பருகில் நின்று அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பேன், அடி பிடித்த வாசனை வரும்வரை.

மனிதர்களுக்கு அந்த லென்ஸ் இன்னும் பிடித்தது. பரு இல்லை, கருவளையம் இல்லை, எல்லாரும் பால் குடித்து வளர்ந்த முகத்தோடு வந்தார்கள். கீழ் வீட்டு அக்கா தன் படத்தை வாட்ஸ்அப்பில் வைத்தார், பத்து வயது குறைந்துவிட்டதே என்று எல்லாரும் கேட்டார்களாம். தை பிறந்ததும் கோவிலம்பாக்கத்தில் ஒரு மண்டபத்தில் அவர் மகளுக்குச் சீமந்தம். நான்தான் படம் எடுத்தேன். வளையல் அடுக்கிய கைகள், மஞ்சள் பூசிய கன்னங்கள் எல்லாம் அந்த மங்கலில் அப்படி ஒளிர்ந்தன. கடைசியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீயும் வந்து நில்லும்மா என்றார். நான் வழக்கம்போலக் கேமராவைக் காட்டினேன். அவர் என் காதருகில் குனிந்து, வேறு யாரையாவது எடுக்கச் சொல், இந்தக் கேமராவில்தான் எதுவும் தெரியாதே என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று குத்தியது. குத்தியபடியே வீட்டுக்கு வந்தேன். ராத்திரிக்குள் அந்தக் குத்தல் ஆசையாக மாறிவிட்டது. ஆமாம், தெரியாது. அதில் எடுத்தால் நெற்றி நெற்றியாக இருக்கும், புருவம் புருவமாக இருக்கும். அந்தப் படத்தை எடுத்துச் சட்டம் போட்டு, டிவிக்கு மேலேயே மாட்டிவிடலாம். என் கணவர் டிவியைப் பார்த்துத்தானே பேசுகிறார். அந்த முகத்தைப் பார்த்தாவது பேசட்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். எனக்கு அப்போது அதுவும் நடக்கும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் அவர் கையில் கேமராவைக் கொடுத்தேன். என்னை ஒரு படம் எடுங்கள் என்றேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அதுவரை அவர் அதைத் துடைத்திருக்கிறாரே தவிர, அதன் வழியாகப் பார்த்ததில்லை. எங்கே கண்ணை வைக்க வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். அப்புறம் நான் கரையோரம் போய் நின்றேன். பழக்கத்தில் கை முடியை முன்னால் இழுக்கப் போனது, வேண்டாம் என்று காதுக்குப் பின்னால் தள்ளினேன். பின்னால் ஏரி, தண்ணீரில் இளம் வெயில். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் ஒரு படத்துக்கு நேராக நின்றேன்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பட்டறையில் அளவு பார்க்கிற மாதிரி கொஞ்சம் முன்னால் வந்தார், கொஞ்சம் பின்னால் போனார். 'பிப்' சத்தம் வந்தது, 'டப்' வரவில்லை. கேமராவை இறக்கி, கண்ணாடியைத் திருப்பிப் பார்த்து, மறுபடி தூக்கினார். மறுபடி இறக்கினார்.

"இன்னா எடுக்குறது, நீயே தெரியல" என்றார்.

அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நெற்றி தெரியாது, புருவம் தெரியாது, ஒன்றும் தெரியாது, அழுத்துங்கள் என்றேன்.

அவர் அழுத்தவில்லை. கேமராவை மார்போடு பிடித்துக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். புருவத்தில் பாதி முடி தீபாவளி வரைக்கும் கறுப்பாகத்தான் இருந்தது, இப்போது முழுக்க வெளுத்துவிட்டது. நெற்றியில் மேல் ஓரமாகக் கொஞ்சம் நிறம் திரும்பி வருகிறது, களிம்பு அங்கே வேலை செய்கிறது. அப்புறம் கொஞ்சம் தயங்கினார். "இடது கண்ணு இமைல புதுசா ஒண்ணு வந்துகீது. கடுகு மாதிரி. ரெண்டு வாரமா சொல்லணும்னு இருந்தேன், நீ சங்கடப்படுவன்னு சொல்லல."

இமையில் வந்தது எனக்குத் தெரியாது. கண்ணாடியில் எப்படித் தெரியும்? பார்க்க வேண்டுமென்றால் கண்ணைத் திறக்க வேண்டும், திறந்தால் இமை மடிந்துவிடும், ஒற்றைக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு யார் கண்ணாடி பார்ப்பார்கள்? என் கண்ணை நான் மூடியிருக்கும்போது வெளியிலிருந்து ஒருவர் பார்த்தால்தான் உண்டு. முகத்தையே பார்க்காத மனிதர் அதை எங்கே பார்த்தார்? நான் தூங்கும்போதா என்று கேட்டேன்.

இல்லை என்று தலையை ஆட்டினார். கையிலிருந்த கேமராவைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

"நீ இத்தக் கண்ணுல வெச்சுகினு நிப்பியே, இந்தக் கண்ண மூடிகினு. அப்ப பாப்பேன். மத்த நேரம் பாத்தா நீ மூஞ்சியத் திருப்பிக்கிற. உனக்குப் புடிக்கலன்னு நான் வேற எங்கயாச்சும் பாத்துகினு இருப்பேன்."

கரைக் கல்லில் உட்கார்ந்தேன். ஒளிய வாங்கிய பொருளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு ஞாயிறும் நான் ஏரியைப் பார்த்திருக்கிறேன். டீ ஆறும்வரை அவர் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்திருக்கிறார். கோபம், வெட்கம், சந்தோஷம் மூன்றும் ஒன்றாக வந்தால் அழுகைதான் வரும் போலிருக்கிறது. இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று திட்டினேன். அவர் மறுபடி ஏரிப் பக்கம் திரும்பினார்.

எழுந்துபோய்க் கேமராவை அவரிடமிருந்து வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கண்ணுக்குத் தூக்கவில்லை. சட்டையைப் பிடித்து அவரை என் பக்கம் திருப்பினேன்.

"பாருங்க" என்றேன்.

முதலில் அவர் கண் என் தோளுக்கு மேலே போனது, பழக்கம். அப்புறம் திரும்பி வந்தது. நான் அப்படியே நின்றேன், பிறகு இடது கண்ணை மெதுவாக மூடிக் காட்டினேன்.